அமானிதமாக வந்த ஒலி: அவைப்பதிவுகளின் பாதுகாப்பும் பகிர்வும்

மேடையில் நிகழும் இசையை, கூட்டத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் தம் சொந்தக் கருவியில் பதிந்துகொள்ளும் வழக்கம், ஒலிப்பதிவுக் கருவிகள் தனியார் கைக்கு எட்டிய காலந்தொட்டே இருந்து வருகிறது. கலையகத்தில் திருத்தித் தொகுத்து விற்பனைக்கு வெளியிடப்படும் பதிவு ஒருவகை; மேடையின் ஒலிவாங்கிகள் வந்துசேரும் கலவை மேசையிலிருந்து நேரடியாக எடுக்கப்படும் மேசைப்பதிவு இன்னொருவகை. கைதட்டலும் இருமலும் பிள்ளைகளின் அழுகையும் கூடவே ஒலிக்க, இருக்கையிலிருந்தபடி கேட்போர் ஒருவர் எடுத்தது மூன்றாவது வகை. இம்மூன்றாம் வகையே இக்கட்டுரையில் 'அவைப்பதிவு' எனப்படுகிறது.

அவைப்பதிவு யாருடைய உத்தரவிலும் எடுக்கப்பட்டதன்று. பல வேளைகளில் யாருடைய அனுமதியுடனும் எடுக்கப்பட்டதன்று. ஆயினும், பதிந்து விற்கப்பட்டவை வரலாற்றின் ஒரு சிறு பகுதியை மட்டுமே காட்டுகின்றன என்பதாலும், பல கலைஞர்கள் தம் உச்சத்தில் எவ்வாறு பாடினர், வாசித்தனர் என்பதற்கு வேறு சான்று இல்லை என்பதாலும், இந்நாடாக்களை யார் காப்பது, யார் கேட்கலாம் என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. ரொக் இசை உலகில் இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகள், தமிழ் இசையரங்குகளின் அனுபவம், இலங்கையில் நிந்தவூரை உள்ளடக்கிய அம்பாறைக் கரையோரத்தின் நிலை ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்குவது பயன்தரும்.

தடையிலிருந்து இசைவுக்கு

நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒபரா அரங்கின் நூலகரான லயனல் மேப்பிள்சன், 1901 முதல் 1903 வரையான ஆண்டுகளில், மெழுகு உருளையில் ஒலியைக் கீறிப் பதியும் எடிசன் கருவியைக் கொண்டு அங்கு நடந்த நிகழ்ச்சிகளின் சிறு துண்டுகளைப் பதிந்தார். ஒவ்வோர் உருளையும் ஏறத்தாழ இரண்டு நிமிடமே ஓடும். இரைச்சலோ குரலை விழுங்கும் அளவுக்கு மிகுதி. ஆயினும் அக்காலத்தின் பெரும் பாடகரான ஜான் டி ரெஸ்கேயின் குரலுக்கு இன்று எஞ்சியுள்ள சான்று அவ்வுருளைகளே. தரத்தில் தாழ்ந்த பதிவும் வேறு சான்று இல்லாதபோது ஈடற்றதாகிறது என்னும் உண்மையை இவ்வியலின் முதல் எடுத்துக்காட்டே நிறுவிவிட்டது.

காந்த நாடாக் கருவி கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருங்கியபோது இவ்வழக்கம் ரொக் இசை அரங்குகளுக்குள் நுழைந்தது. 1969 நவம்பர் 9 அன்று ஓக்லண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு நடத்திய நிகழ்ச்சியைக் கூட்டத்திலிருந்து பதிந்த நாடா, சில வாரங்களிலேயே உரிமையற்ற இசைத்தட்டாக விற்பனைக்கு வந்தது. அதற்கு மாறாக, வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு 1970 ஆகஸ்ட் 23 அன்று நியூயோர்க் விடுதியொன்றில் இசைத்ததை ரசிகை ஒருவர் சாதாரண கசட்டில் பதிந்துவைக்க, 1972இல் ஒலிப்பதிவு நிறுவனமே அதனை முறையான இசைத்தட்டாக வெளியிட்டது. திருட்டுச் சரக்காகவும் அதிகாரபூர்வ வெளியீடாகவும் ஆகக்கூடிய இருமுகம் அவைப்பதிவுக்குத் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

1970களில் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பதிந்த மைக் மில்லார்டின் கதை இவ்வியலின் இன்னொரு பாடம். கருவியைச் சக்கர நாற்காலியில் மறைத்து எடுத்துச்சென்று, 1977 ஜூன் 21 அன்று லெட் செப்பலின் குழுவின் நிகழ்ச்சியை அவர் பதிந்தது இன்றளவும் சிறந்த அவைப்பதிவுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1994இல் அவர் மறைந்த பின்னர் மூலநாடாக்கள் அழிந்துபோயின என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. பின்னர் அவற்றுட் பல கண்டெடுக்கப்பட்டு எண்ணிம வடிவில் வெளிவந்தன. தனியொருவரின் அலுமாரியில் மட்டும் இருக்கும் மூலம், அவர் உயிருடன் இருக்கும்வரைதான் பத்திரமானது.

இதற்கு நேர்மாறான பாதையை கிரேட்ஃபுல் டெட் குழு வகுத்தது. ரசிகர்கள் பதிவதைத் தொடக்கம் முதலே பொறுத்துக்கொண்ட அக்குழு, 1984 அக்டோபரில் பதிவோருக்கெனத் தனி நுழைவுச்சீட்டையும் தனி இருக்கைப் பகுதியையும் ஏற்படுத்தியது. பதியலாம், பிரதியெடுக்கலாம், பரிமாறலாம், விற்கக் கூடாது என்பதே நிபந்தனை. இந்த இசைவின் மீதுதான் இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனம் 2002இல் தொடங்கிய நேரடி இசை ஆவணகம் எழுந்தது. பகிர்வுக்கு உடன்பட்ட கலைஞர்களின் நிகழ்ச்சிகளையே அது ஏற்றுக்கொள்கிறது. 2005இல் டெட் குழுவினர் மேசைப்பதிவு, அவைப்பதிவு இரண்டையும் தரவிறக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டபோது எழுந்த எதிர்ப்பும், அவைப்பதிவுகள் மட்டும் மீண்டும் தரவிறக்கத்துக்குத் திறக்கப்பட்டதும், மேடையின் உடைமை எது, கூட்டத்தின் உடைமை எது என்னும் வேறுபாட்டை நடைமுறையில் வரைந்து காட்டின.

தமிழ் அரங்குகளின் நாடாக்கள்

தமிழ்ச் சூழலில் இதற்கு மிக நெருங்கிய வழக்கு கர்நாடக இசைக் கச்சேரிகளின் அவைப்பதிவே. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே அடங்கும். கச்சேரியோ மூன்று நான்கு மணித்தியாலம் நீளும். ஆகவே அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், ஜி. என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர் ஆகியோர் ஓர் இராகத்தை விரித்த விதமும், பல்லவியைக் கட்டி வளர்த்த விதமும் வானொலி நாடாக்களிலும், சுருள்நாடாக் கருவியை வாங்கும் வசதி படைத்த ரசிகர்களின் நாடாக்களிலுமே எஞ்சின. 1965க்கும் 1968க்கும் இடையில் இம்மூவரும் மறைந்தபின், அந்நாடாக்களைக் கேட்டே அடுத்த தலைமுறை அவர்களின் பாணியைக் கற்றது. சென்னை மியூசிக் அகாடமியில் இயங்கும் கேட்பு ஆவணகம், தனியார் சேகரங்களிலிருந்து வந்த இத்தகைய பதிவுகளை, வருவோர் அங்கேயே அமர்ந்து கேட்கும் முறையில் வழங்குகிறது.

ஈழத்திலும் நிலைமை இதுவே. 1975இல் மறைந்த யாழ்ப்பாணத் தவில் கலைஞர் தெட்சிணாமூர்த்தியின் வாசிப்பு ஒலிப்பதிவுக்கூடத்தைவிடக் கோவில் வீதிகளுக்கே உரியது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் 2015இல் எடுத்த ஆவணப்படம், இத்தகைய கலைஞரை மீட்டெழுதுவதற்குப் பழைய பதிவுகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை உணர்த்துகிறது. ரொக் இசைக்கு நம்மிடையே கிட்டிய உறவு எனத்தக்க ஈழத்துப் பொப் இசையும், பைலாத் தாளத்தில் ஊன்றி, 1960களின் பிற்பகுதியில் மேடைகளிலேயே வளர்ந்தது. அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்த நித்தி கனகரத்தினமும், 'சிலோன் மனோகர்' எனத் தமிழ்நாட்டிலும் அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரனும் அதன் முன்னணிப் பாடகர்கள். இசைத்தட்டில் இடம்பெற்ற ஒரு பாடலுக்குப் பின்னால், மேடையில் கூட்டத்தின் ஆரவாரத்துக்கேற்ப நீட்டியும் சொல் மாற்றியும் பாடப்பட்ட பல வடிவங்கள் இருந்தன. அவற்றைத் தாங்கியிருக்கக் கூடியவை அவைப்பதிவுகள் மட்டுமே.

கரையோரத்தின் ஒலி

கொழும்பு–மட்டக்களப்பு நெடுஞ்சாலையில், கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களுக்குத் தெற்கே அமைந்த நிந்தவூரும் அதன் அயலூர்களும் வாய்மொழிச் செல்வத்தால் அறியப்பட்டவை. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களையும் பழமொழிகளையும் தொகுத்து நூலாக்கியவர். எழுத்தில் சொல் நிலைத்துவிட்டது; அச்சொல்லை ஏற்றி இறக்கிய குரல் ஏட்டில் அடங்குவதில்லை.

அக்குரல் ஒலித்த மேடைகள் பல. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற நாட்களில் ஓதப்படும் மௌலிதும் றிபாய் ராத்தீபும், பக்கீர் பாவாக்கள் தஹறா அடித்துப் பாடும் பைத்து, களிகம்பு ஆட்டத்தின் பாட்டு, மீலாத் விழாக் கவியரங்கு, பாடசாலைக் கலைவிழா, நாகூர் ஈ. எம். ஹனிபா போன்ற தமிழ்நாட்டுப் பாடகரின் இஸ்லாமிய இசைநிகழ்ச்சி, பொப் இசைக் கச்சேரி என அப்பட்டியல் நீளும். 1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், அதனையொட்டி வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் திரும்பும்போது வானொலியுடன் கூடிய கசட் ரெக்கோடரைக் கொண்டுவந்ததும், சுருள்நாடாக் காலத்தில் செல்வந்தரிடம் மட்டுமிருந்த பதிவு வசதியைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தன. மார்க்கச் சொற்பொழிவான பயானைப் பதிந்த கருவியே, கவியரங்கையும் கலியாண வீட்டுக் குரவையையும், கடல்கடந்த கணவருக்கு மனைவி பேசி அனுப்பிய குரல்கடிதத்தையும் பதிந்தது.

இந்நாடாக்களின் பெறுமதி இரண்டு காரணங்களால் உயர்ந்துள்ளது. முதலாவது, கந்தூரி, ராத்தீபு போன்ற வழக்கங்கள் மார்க்கச் சீர்திருத்தச் சிந்தனைகளின் பரவலால் பல ஊர்களில் குறைந்துவிட்டன. அவற்றைச் சரியென்போரும் தவறென்போரும் தத்தம் நிலையில் நிற்க, அவை எவ்வாறு ஒலித்தன என்பது வரலாற்றுக்குத் தேவையாகவே உள்ளது. இரண்டாவது, இப்பகுதியின் இழப்புகள். போர்க்கால இடப்பெயர்வுகளுக்குப் பின், 2004 டிசம்பர் 26 அன்று கரையோரத்தைத் தாக்கிய சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மனிதரையே காக்க முடியாத அந்நாளில் வீடுகளுடன் போன கசட்டுகளை எண்ணியவர் இலர். எனினும் ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் ஆவணத்தின் கதி என்னவென்பதை, 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் போலவே, சுனாமியும் கற்பித்தது.

நாடாவின் உடலும் நோயும்

கசட்டை 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதன் நாடா 3.81 மில்லிமீற்றர் அகலமுடையது, செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். பொலியெஸ்டர் தாளின் மேல், பசை போன்ற பிணைப்பானில் கலந்த காந்தத் துகள்கள் பூசப்பட்டிருக்கும். ஒலி அத்துகள்களின் காந்தநிலையாகவே சேமிக்கப்படுகிறது. 60 நிமிடக் கசட்டின் நாடாவைவிட 90 நிமிடக் கசட்டின் நாடா மெல்லியது. 120 நிமிடக் கசட்டினுடையது அதனிலும் மெல்லியதாகையால் எளிதில் நீண்டும் சிக்கியும் போகும்.

நாடாவைக் கெடுப்பவை பெரும்பாலும் ஈரலிப்பும் வெப்பமுமே. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கடலோர வீடுகளில் அடைத்துவைத்த நாடாக்களில் வெண்பூஞ்சணம் படரும். அதனைத் துடைக்காமல் ஓடவிட்டால் கருவியின் வாசிப்புத்தலை அடைபடுவதோடு, அடுத்து இடும் நாடாவுக்கும் அது தொற்றும். சில வகை நாடாக்களில், குறிப்பாக 1970களிலும் 1980களிலும் செய்யப்பட்ட சுருள்நாடாக்களில், பிணைப்பான் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிப் பூச்சே உரிந்துவரும். அதற்கு முந்திய அசெற்றேற்றுச் சுருள்நாடாக்கள் சிதையும்போது வினாகிரி வாடை வீசும். அவ்வாடை, காலம் கடந்துகொண்டிருக்கிறது என்னும் எச்சரிக்கை.

நாடாவைவிட விரைவாக அழிவது அதனை ஓட்டும் கருவி. தரமான கசட் கருவிகளின் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோய், அவற்றைத் திருத்தத் தெரிந்தோரும் அருகிவருவதால், 2025ஆம் ஆண்டளவிற்குள் மாற்றப்படாத நாடாக்கள் மீட்கவே முடியாதவையாகலாம் என அவுஸ்திரேலியத் தேசிய திரைப்பட ஒலி ஆவணகம் 2015இல் எச்சரித்தது. 2019இல் யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளி ஆவணகங்களின் சங்கமும் அதே எச்சரிக்கையை உலகளவில் விடுத்தன. அக்கெடு இப்போது வந்துவிட்டது.

மாற்றும் முறை

நாடாவின் ஒலியைக் கணினிக் கோப்பாக்குவதே எண்ணிமப்படுத்தல். மேற்கூறிய சங்கம் இதற்கெனச் செக்கனுக்குக் குறைந்தது 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட் என்னும் அளவைப் பரிந்துரைக்கிறது; ஆவணகங்களில் 96,000 மாதிரிகளே பரவலான வழக்கு. இப்பிந்திய அளவில் 90 நிமிடக் கசட் ஒன்று ஏறத்தாழ 3 கிகாபைட் இடத்தைப் பிடிக்கும். இன்றைய வன்தட்டுக்கு இது சுமையன்று. எம்பி3 வடிவம் ஒலியின் சில கூறுகளை நிரந்தரமாக நீக்கியே கோப்பைச் சுருக்குவதால் கேட்பதற்குப் போதும், காப்பதற்குப் போதாது. எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் போன்ற வடிவமோ, சுருக்கப்படாத வேவ் வடிவமோ மூலக்கோப்புக்கு ஏற்றது.

அவைப்பதிவுக்கே உரிய இடர்களும் உண்டு. பற்றரி வலுவிழந்து கருவி மெதுவாக ஓடியவாறு பதிந்த நாடா, சரியான வேகத்தில் ஓட்டப்படும்போது குரலை விரைவாகவும் உச்சமாகவும் ஒலிக்கச் செய்யும். கச்சேரியில் சுருதியைக் கொண்டு இதனைத் திருத்தலாம். பயானிலோ கவியரங்கிலோ, ஒலிபெருக்கியின் பின்னணியில் கேட்கும் மின்சார ஓசை இலங்கையில் 50 ஹேட்சாக இருக்க வேண்டும் என்பதை அளவுகோலாக்கலாம். ஆனால் மின்பிறப்பாக்கியில் நடந்த நிகழ்ச்சிக்கு அவ்வளவுகோலை நம்ப முடியாது. மலிவான கருவிகள் உரத்த ஒலியைத் தாமாகவே தாழ்த்தி மெல்லொலியை உயர்த்துவதால், பாட்டு ஓய்ந்தவுடன் கூட்டத்தின் சலசலப்பு பொங்கியெழும். இவற்றைக் 'குறை' எனக் கருதி இரைச்சல் நீக்கும் மென்பொருளால் வழித்தெடுப்பது, குறிப்பாக மூலக்கோப்பில் செய்வது, பெரும் பிழை. கூட்டத்தின் ஒலி அவைப்பதிவின் அழுக்கன்று. அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பாதி. திருத்தங்களைத் தனிப் பிரதியில் செய்து மூலத்தை உள்ளவாறே வைப்பதே நெறி.

ஒலியோடு சேர்ந்து காக்கப்பட வேண்டியது அதன் விவரம். ரொக் நாடாப் பரிமாற்றத்தில் ஈடுபட்டோர் ஒவ்வொரு பதிவுடனும் அதன் 'வழிவரலாறு' எனத்தக்க குறிப்பை இணைத்தனர்: எந்த ஒலிவாங்கி, எந்தக் கருவி, மூலத்திலிருந்து எத்தனையாவது பிரதி, யார் மாற்றினார் என்பன அதில் அடங்கும். கசட்டிலிருந்து கசட்டுக்குப் படியெடுக்கும் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் ஏறுவதால், இரு பிரதிகளில் மூலத்துக்கு நெருங்கியது எதுவென அறிய இக்குறிப்பே வழி. மார்க்கக் கல்வியில் ஒரு செய்தியின் அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் 'இஸ்னாத்' முறையை அறிந்த சமூகத்துக்கு இது புதிய கருத்தன்று. இடம், நாள், பாடியவர், பதிந்தவர், கைமாறிய வழி ஆகிய ஐந்தும் இல்லாத கசட், பெயரில்லாப் புகைப்படத்துக்கு நிகர்.

உரிமையும் அமானிதமும்

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கு மூன்று உரிமைகளை வேறுபடுத்துகிறது. பாடலை ஆக்கியோரின் உரிமை அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் உரியது; பாடுபவர், வாசிப்பவர் ஆகிய நிகழ்த்துநரின் உரிமையும், பதிவைத் தயாரித்தவரின் உரிமையும் பொதுவாக 50 ஆண்டுகளுக்கு உரியவை. எனவே 1970இல் நடந்த ஒரு மேடைநிகழ்ச்சியில் நிகழ்த்துநரின் உரிமைக்காலம் முடிந்திருக்கலாம். ஆயினும் பாடலாசிரியரின் உரிமை நீடிக்கலாம். நாட்டார் வழக்காறுகளையும் வணிகப் பயன்பாட்டிலிருந்து அச்சட்டம் காக்கிறது. பதிந்தவரின் கையில் கசட் இருப்பதனால் மட்டும் அதிலுள்ள ஒலி முழுவதும் அவருடையதாகிவிடாது.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் பகிரத்தக்கதும் அன்று. பெண்கள் மட்டுமே கூடியிருந்த வீட்டில் பாடப்பட்ட தாலாட்டும் குரவையும், கணவருக்கென அனுப்பப்பட்ட குரல்கடிதமும், ஒரு காலத்துச் சர்ச்சையில் ஒருவர் பேசிய கடுஞ்சொல்லும், பொதுமேடைப் பாட்டும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. இதற்கு வேண்டிய கருத்து இக்கரையோர முஸ்லிம் சமூகத்தின் அன்றாட மொழியிலேயே உள்ளது: அமானிதம். ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை அவர் கெடாமல் காக்கவும் வேண்டும், உரியவரிடம் சேர்க்கவும் வேண்டும். காப்பதற்காகப் பூட்டிவைத்து, கேட்டு வருவோர்க்குக் கொடாதிருப்பதும் அமானிதத்துக்கு மாறானதே. பாதுகாப்பா, பகிர்வா என ரொக் உலகம் பல பத்தாண்டுகள் வாதிட்ட வினாவை இச்சொல் ஒரே கடமையின் இரு பாகங்களாக இணைத்துவிடுகிறது.

எந்த வழி பொருந்தும்

மேலே கண்டவற்றிலிருந்து மூன்று பகிர்வு முறைகள் புலப்படுகின்றன. விற்பனையின்றி யாவரும் படியெடுக்கும் கிரேட்ஃபுல் டெட் முறை மிக விரைவாகப் பிரதிகளைப் பெருக்குகிறது; ஆனால் அதற்குக் கலைஞரின் முன்னிசைவு வேண்டும். வந்து கேட்கலாம், எடுத்துச்செல்ல முடியாது என்னும் மியூசிக் அகாடமியின் முறை உரிமையாளரின் அச்சத்தைத் தணிக்கிறது. எனினும் தொலைவிலுள்ளோர்க்கு எட்டாது. 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திறந்த அணுக்கத்தில் வழங்கிவரும் நூலக நிறுவனம், ஒலி, ஒளி ஆவணங்களுக்கும் இடம் வகுத்துள்ளது. அது மூன்றாவது வழி.

கரையோரத்துக்கு இம்மூன்றும் அளவறிந்து கலந்த முறையே ஏற்றது. பொதுமேடைப் பாட்டும் கவியரங்கும் திறந்த அணுக்கத்துக்கு உரியவை. உரிமை தெளிவற்றவற்றை ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகம் போன்றதோர் இடத்தில் நேரில் கேட்க வைக்கலாம். வீட்டுக்குள் பாடியவற்றைக் குடும்பத்தின் சொல்லுக்கு விட்டு, காப்பதோடு மட்டும் நிறுத்தலாம். எவ்வகையாயினும், பிரதிகள் மூன்று வேண்டும். அவற்றுள் ஒன்றாவது கடல் எட்டாத தொலைவில் இருக்க வேண்டும். கசட்டின் மேலுறையில் பேனையால் எழுதியவற்றைப் படமெடுத்து, பதிந்தவர் உயிருடன் இருக்கும்போதே விவரங்களைக் கேட்டெழுதுவது முதற்பணி. நாடா இன்னும் சில ஆண்டு தாங்கக்கூடும், நினைவு அவ்வாறு காத்திராது.

இப்பணிக்குப் பெரும் நிதியோ கட்டடமோ தேவையில்லை. திருத்திய கசட் கருவி ஒன்று, ஒலியைக் கணினிக்கு மாற்றும் சிறு இணைப்புப் பெட்டி, ஒரு கணினி, இரண்டு வன்தட்டுகள் ஆகியவையே மூலதனம். செலவாவது நேரம், 90 நிமிடக் கசட்டை மாற்ற 90 நிமிடம் வேண்டும், அதனைக் குறுக்க வழியில்லை. அத்தகைய நூறு கசட்டுகளுக்கு 150 மணித்தியாலம்: நாளுக்கு ஐந்து மணித்தியாலம் உழைக்கும் ஒருவருக்கு ஒரு மாத வேலை.